நிலத்தடியில் ஒரு மாநகர்



டில்லியிலும் கல்கத்தாவிலும் வாழும் நம்மவர்க்குச் சுரங்க ரயில் புதிதன்று. காலையில் ஏறுகிறோம், மாலையில் வீடு திரும்புகிறோம். அந்நிலையத்திலேயே வாழ்ந்து மடிய நேர்ந்தால் நம் நிலை என்னவாகும்? இவ்வினாவுக்கு விடையாக மாஸ்கோ நகரைக் களமாகக் கொண்டு அமைந்தது 'மெட்ரோ 2033' என்னும் கணினி விளையாட்டு. ரஷ்ய எழுத்தாளர் திமித்ரி குளுகோவ்ஸ்கியின் நாவலைத் தழுவி, உக்ரைனின் கீவ் நகரில் தோன்றிய 4ஏ கேம்ஸ் நிறுவனத்தார் இதனை உருவாக்கினர். 2010-இல் இது வெளிவந்தது.

கதைப்படி, 2013-இல் அணுப்போர் மூண்டு உலகம் பாழாகிறது. மாஸ்கோவில் சுரங்க ரயில் நிலையங்களுக்குள் புகுந்தோர் மட்டும் உயிர் தப்புகின்றனர். நச்சுக்காற்று முகமூடியின்றி மேலே தலைகாட்ட இயலாது.

இதற்கு மாஸ்கோவைத் தேர்ந்ததில் பொருள் உண்டு. 1935 மே 15-ஆம் நாள் திறக்கப்பெற்ற அச்சுரங்கப் பாதை, 1941-இல் ஜெர்மானிய விமானங்கள் குண்டு பொழிந்தபோது மக்களுக்குப் புகலிடமாயிற்று. அவ்வாண்டு நவம்பர் 6-இல் மாயகோவ்ஸ்கயா நிலையத்தில் அரசு விழாக் கூட்டமே நடைபெற்றது. 2003-இல் திறந்த பார்க் பபேதி நிலையமோ சுமார் 84 மீட்டர் ஆழத்தில் உள்ளது. ஆகவே, கற்பனைக்கு உண்மையே அடித்தளம் இட்டுத் தந்தது.

ரயில் வரைபடமே அங்கே அரசியல் வரைபடமாகிறது. வரைபடத்தில் சிவப்பாகக் காணும் பாதை பொதுவுடைமையாளர் நாடு. ஏனைய பாதைகளை இணைக்கும் வட்டப் பாதை 'ஹன்சா' என்னும் வணிகர் கூட்டமைப்பின் வசம். லெனின் நூலகத்தை ஒட்டிய நான்கு நிலையங்கள் அறிவாளர் வாழும் 'போலிஸ்'. முன்னாளில் ஒரே சீட்டில் கடந்த வழியில் இன்று காவற்சாவடிகள் நிற்கின்றன. நாணயமாக வழங்குவது துப்பாக்கிக் குண்டு! உயிரைக் காக்கச் சுட்டால் கைப்பொருள் குறையும். கைப்பொருளைக் காத்தால் உயிருக்கு ஊறு.

ஆர்த்தியோம் என்னும் இளைஞன் தன் நிலையத்தைக் காக்கப் புறப்படுகிறான். மேலேயிருந்து வரும் 'கரியோர்' என்னும் விந்தை உயிர்களே பகைவர் என அனைவரும் அஞ்சுகின்றனர். உண்மையில் அவை அவன் உள்ளத்தோடு பேச முயல்கின்றன; அம்முயற்சியையே மாந்தர் தாக்குதலாகக் கொள்கின்றனர். இறுதியில் அவற்றை ஏவுகணையால் அழிப்பதா, விடுவதா என்னும் முடிவு ஆடுவோர் கையில் வருகிறது. மொழி புரியாத ஊரில் குடியேறிய நமக்கு, புரியாத பேச்சு பகையாகத் தோன்றும் இவ்விடம் நன்கு விளங்கும்.

2022 பிப்ரவரியில் ரஷ்யப் படை உக்ரைனுள் புகுந்தது. விளையாட்டு தோன்றிய கீவ் நகரின் மக்கள், குழந்தைகளுடன் தம் சுரங்க ரயில் நிலையங்களில் மெய்யாகவே தஞ்சம் புகுந்தனர். போரைக் கண்டித்த குளுகோவ்ஸ்கிக்கு, அவர் நாட்டில் இல்லாத நிலையிலேயே, 2023-இல் மாஸ்கோ நீதிமன்றம் எட்டாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

இதனை இளைஞரின் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடுதல் தகாது. ஆழத் தோண்டிய சுரங்கம் மக்களின் உயிரைக் காக்கலாம். ஆனால் அதனுள்ளும் எல்லைகள் வகுத்துக்கொண்டால், தப்பியோர் மீண்டும் போருக்கே ஆளாவர். மாஸ்கோவின் பெயரால் அவ்விளையாட்டு விடுக்கும் எச்சரிக்கை இதுவேயாகும்.