மெரினா இல்லாத கடல்

பெங்களூரில் வளரும் பிள்ளைக்குக் கடல் என்பது ஊரில் இருக்கும் பாட்டி மாதிரி. விடுமுறை விட்டால்தான் பார்க்கலாம். நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. கிழக்கே சென்னைக்கும் மேற்கே மங்களூருக்கும் தூரம் ஏறக்குறைய ஒன்றுதான், 350 கி.மீ. ஆனால் அல்சூர், ஸ்ரீராமபுரம், காக்ஸ் டவுன் தமிழ்க் குடும்பங்களின் கணக்கில் கடல் எப்போதும் கிழக்கேதான். பெரியப்பா வீடோ மாமா வீடோ சென்னையில் இருக்கும். ஒரு மாலை மெரினா. சுண்டல், மிளகாய் பஜ்ஜி, பலூன் சுடுதல், முழங்கால் நனையும்வரை அலை. அதோடு கடல் முடிந்தது.

இப்போது திசை மாறி வருகிறது. சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு கிடைத்தால், கர்நாடகத்தின் வடகோடிக் கரையான உத்தர கன்னட மாவட்டத்துக்குப் பிள்ளைகளோடு கிளம்பிவிடுகிறார்கள். கோகர்ணத்துக்குக் காரில் கிட்டத்தட்ட 500 கி.மீ. அலுப்பில்லாத வழி, மாலையில் புறப்படும் பஞ்சகங்கா எக்ஸ்பிரஸ். சக்லேஷ்பூரிலிருந்து சுப்ரமண்யாவுக்கு மலை இறங்கும்போது 57 சுரங்கங்கள் வருகின்றன. பிள்ளைகள் அத்தனையையும் தூங்கியே கடந்துவிடுகின்றன. விழிக்கும்போது ஜன்னலில் தென்னை, செம்மண், வயல், பிறகு திடீரென்று கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர். ஹொன்னாவரத்தில் ஷராவதியின் மேல் கொங்கண் ரயில்வேயின் மிக நீளமான பாலம் இது, இரண்டு கி.மீ.க்கும் அதிகம். 'கடல் வந்தாச்சாப்பா?' என்று கேட்காத குழந்தை இருக்காது. வரவில்லை. அது ஆறு.

இந்தக் கரையைப் புரிந்துகொள்ள அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம். சோழமண்டலக் கரைபோல் இங்கே அகன்ற சமவெளி கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலை கடலை நெருங்கி நிற்கிறது. கார்வார் பக்கம் குன்றுகள் அப்படியே தண்ணீருக்குள் கால் வைக்கின்றன. காளி, கங்காவளி, அகநாசினி, ஷராவதி என்று நான்கு ஆறுகள் காட்டிலிருந்து விழுந்து, குறுகிய ஓட்டத்திலேயே கடலைத் தொட்டுவிடுகின்றன. மாவட்டத்தின் பெரும்பகுதி இன்றும் காடு. பாறை, முகத்துவாரம், காடு மூன்றும் கலந்த கரை. அழகும் ஆபத்தும் அதனால்தான்.

குழந்தையோடு போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் இறங்கும் ஊர் கோகர்ணம். தேவாரத்தில் துளுவ நாட்டுக்கு இருக்கும் ஒரே தலம் இது. அப்பரும் சம்பந்தரும் பாடியிருக்கிறார்கள். கதையும் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பழகினதுதான். ராவணன் ஆத்மலிங்கத்தை இலங்கைக்கு எடுத்துப்போகிறான். சந்தி வேளையில் ஒரு சிறுவன் கையில் கொடுக்க, சிறுவன் தரையில் வைத்துவிடுகிறான். லிங்கம் அசைய மறுக்கிறது. சிறுவன் பிள்ளையார். ராவணன் இடத்தில் விபீஷணனையும் லிங்கத்தின் இடத்தில் ரங்கநாதரையும் வைத்தால் திருச்சி மலைக்கோட்டைக் கதை. இரண்டு இடத்திலும் பிள்ளையாருக்குத் தலையில் குட்டு விழுந்த தழும்பு காட்டுகிறார்கள்.

ஊரைத் தாண்டினால் குட்லே, ஓம், ஹாஃப் மூன், பாரடைஸ் என்று வரிசையாகக் கடற்கரைகள், நடுவில் பாறைக் குன்றுகள். 'ௐ' வடிவில் வளைந்திருப்பதால் ஓம் பீச். கடைசி இரண்டுக்கும் குன்றேறி நடக்க வேண்டும் அல்லது படகு பிடிக்க வேண்டும். அங்கே சாலை போகவில்லை என்பதே பெரிய நிம்மதி.

ஆனால் பெங்களூரிலிருந்து நீச்சல் உடையும் ரப்பர் வளையமுமாக வந்து இறங்கும் குடும்பம், தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றைத் தெரிந்துகொள்ளாமலே வருகிறது. தெற்கே ஒன்றரை மணி நேரத் தொலைவில் முருடேஷ்வர். 123 அடி சிவன் சிலையின் காலடியில் கடல். 2024 டிசம்பரில் கோலார் மாவட்டத்திலிருந்து பள்ளிச் சுற்றுலா வந்த நான்கு மாணவிகள் அங்கே அலையில் இழுக்கப்பட்டு இறந்தார்கள். கோலார் மழை குறைந்த மேட்டு நிலம். ஏரி தெரிந்த பிள்ளைகளுக்குக் கடல் தெரியாது. கூட வந்த பெரியவர்களுக்கும்தான் என்ன தெரியும்?

கடல் ஆளை இழுக்கிற விதம் எளிமையானது. அலைகள் ஓயாமல் தண்ணீரைக் கரையில் கொண்டுவந்து கொட்டுகின்றன. கொட்டிய தண்ணீர் திரும்பிப் போயாக வேண்டும். மணல் திட்டுகளுக்கு நடுவிலோ பாறையின் ஓரத்திலோ ஒரு குறுகலான வழி கிடைத்தால், மொத்தமாக அதற்குள் புகுந்து ஆறுபோல உள்ளே ஓடுகிறது. அந்த இடத்தில் அலை உடைவதில்லை, நுரை இல்லை. தண்ணீர் சற்றே கருத்து, அமைதியாகத் தெரியும். 'இங்கே அலை அடிக்கலே, இங்கே இறங்கலாம்' என்று அப்பா காட்டுகிற இடம் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. இழுவை அகலம் குறைந்தது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் வெளியே வந்துவிடலாம். நீந்தத் தெரிந்தவர்களுக்கான யோசனை இது. எட்டு வயதுக் குழந்தைக்கு ஒரே யோசனை, முதலுதவிக் காவலர் இல்லாத இடத்தில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் வேண்டாம் என்பதுதான்.

'அப்புறம் எதுக்கு அவ்வளவு தூரம் போகணும்?' என்று கேட்கலாம். நியாயம்தான். பதில் கடல் வற்றும் நேரத்தில் இருக்கிறது.

தமிழ்நாட்டு மீனவர்கள் ஏற்றம், வற்றம் என்பார்கள். சென்னையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மீட்டர். மணல் கரையில் அது கண்ணிலேயே படாது. கார்வார் பக்கம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது இரண்டு மீட்டர் அளவுக்குப் போகிறது. கரையும் பாறை. கடல் பின்வாங்கும்போது குழிகளில் தண்ணீர் தேங்கி, குழந்தை குந்தி உட்கார்ந்து பார்க்கிற உயரத்தில் ஒரு மீன்காட்சிச் சாலை திறக்கிறது. காலிச் சங்கைச் சுமந்து நடக்கும் நண்டு, தொட்டால் சுருங்கும் கடல் சாமந்தி, பாறையோடு ஒட்டிய சிப்பிகள், கண்ணாடிபோல் உடம்பு தெரியும் இறால் குஞ்சுகள். சுமார் ஆறு மணி நேரத்தில் எல்லாம் மறுபடி மூழ்கிவிடும். மறுநாள் அதே காட்சி ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளி. வழுக்கும் பாறைக்கு நல்ல செருப்பும், அலைக்கு முதுகு காட்டாத பெரியவர் ஒருவரும் போதும்.

அகநாசினிக் கழிமுகம் இதைவிட மேல். குறுக்கே பெரிய அணை கட்டப்படாமல் கடல் சேரும் ஆறு இது. இந்தக் காலத்தில் அதுவே அதிசயம். 2024 ஜனவரியில் இந்தக் கழிமுகம் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதே அறிவிப்பில்தான் அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டியும் கோத்தகிரி லாங்வுட் சோலையும் இடம்பெற்றன. பரப்பு 4,801 ஹெக்டேர். பிழைப்புக்கு இதை நம்பியிருப்பவை 6,000 முதல் 7,500 குடும்பங்கள். வற்றத்தில் பெண்களும் ஆண்களும் சேற்றில் இறங்கி மட்டி பொறுக்குகிறார்கள். ஓரத்தில் கஜனி எனப்படும் உப்புநீர் வயல்கள். மழைக் காலத்தில் உப்பைத் தாங்கும் கக்கா நெல், மற்ற மாதங்களில் அதே வயலில் இறாலும் மீனும். பக்கத்தில் சாணிகட்டா உப்பளம். வேதாரண்யத்தில் உப்பு அள்ளிய அதே 1930 ஏப்ரலில் அருகிலுள்ள அங்கோலாவிலும் உப்புச் சட்டத்தை மீறினார்கள். பாடப் புத்தகத்தில் ஒரு வரியாக வருவதை இங்கே பிள்ளைக்குக் கையில் அள்ளிக் காட்டலாம்.

காலம் பார்த்துப் போவது முக்கியம். தமிழ்நாட்டில் மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. இங்கே ஜூன், ஜூலை. விசைப்படகுகளே கரையேறி நிற்கும் மாதங்களில் குழந்தையோடு கடல் பார்க்கப் போவானேன்? அப்போது கடல் மட்டுமல்ல, மலையும் ஆபத்து. 2024 ஜூலை 16 அன்று அங்கோலாவை அடுத்த ஷிரூரில் குன்று சரிந்து தேசிய நெடுஞ்சாலையையும் ஓரத்து டீக்கடையையும் கங்காவளி ஆற்றுக்குள் தள்ளியது. இறந்தவர்களில் தமிழ்நாட்டு லாரி ஓட்டுநர்களும் உண்டு. ஒரு கேரள ஓட்டுநரின் உடல் கிடைக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. சாலைக்காகக் குன்றை வெட்டிய விதம்தான் காரணம் என்ற குற்றச்சாட்டு அடங்கவில்லை. அடுத்த மாதமே, ஆகஸ்ட் 7 அன்று, கார்வாரில் காளி ஆற்றின் பழைய பாலம் இடிந்து விழுந்தது. லாரியோடு விழுந்த ஓட்டுநரை மீட்டார்கள். அவரும் தமிழ்நாட்டுக்காரர்தான்.

கரையின் நீளமும் சுருங்கிக்கொண்டிருக்கிறது. கார்வாருக்குத் தெற்கே பல கிராமங்களையும் கடற்கரைகளையும் எடுத்துக்கொண்டு 2005ல் ஐ.என்.எஸ். கடம்பா கடற்படைத் தளம் வந்தது. அங்கோலாவை ஒட்டிய கேணியில் 4,119 கோடி ரூபாயில் தனியார் துறைமுகம் வர இருக்கிறது. மீனவர்கள் எதிர்த்துப் போராடி வருகிறார்கள்.

ரயில் முடியும் இடம் கார்வார். 1862 வரை இந்த மாவட்டம் சென்னை ராஜதானியில் இருந்தது. பிறகு பம்பாய்க்குப் போயிற்று. அதனால்தான் பம்பாய் ராஜதானியில் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த சத்யேந்திரநாத் தாகூர் இங்கே நீதிபதியாக வந்தார். அந்தப் பதவிக்குத் தேர்வான முதல் இந்தியர் அவர். 1880களின் தொடக்கத்தில் அண்ணன் வீட்டுக்கு வந்து தங்கிய தம்பிக்கு வயது இருபதைச் சற்றுத் தாண்டியிருந்தது. ஓர் இரவு காளி ஆற்றில் படகில் போய்விட்டு, நிலா வெளிச்சத்தில் முகத்துவார மணலில் நடந்து வீடு திரும்பியதை ரவீந்திரநாத் பின்னாளில் தன் வாழ்க்கை நினைவுகளில் எழுதினார். 'பிரகிருதிர் பிரதிசோத்' நாடகத்தை எழுதியதும் இங்கேதான். உலகத்தை ஜெயித்துவிட்டதாக நினைக்கும் ஒரு சந்நியாசியை ஒரு சிறுமி திரும்ப உலகத்துக்கு இழுத்து வருகிற கதை.

கார்வார் கரைக்கு இப்போது தாகூர் பெயர். மணல் அகலமானது. மாலை ரயிலுக்கு நேரமாகும்வரை பெங்களூர்ப் பிள்ளைகள் அங்கே நண்டு துரத்திக்கொண்டிருக்கின்றன.