அமெரிக்கக் கல்லூரி அணிகளும் ஆண்டுக் கணிப்பும்

ஓகஸ்ட் மாதம் பிறந்துவிட்டால் ஐக்கிய அமெரிக்காவின் பல ஊர்களில் ஒரே பேச்சுத்தான். "இவ்வாண்டு நம் பல்கலைக்கழக அணி எப்படி ஆடும்?" என்பதே அப்பேச்சு. சிகை திருத்தும் கடையிலும் தேவாலய வாயிலிலும் இக்கேள்வி எழும். பத்திரிகைகள் பக்கம் பக்கமாக விடை சொல்லும். இன்னும் ஓர் ஆட்டந்தானும் ஆடப்படாத நிலையில், எவ்வணி முதலாவது, எவ்வணி கடைசி என்று வரிசையிட்டுக் காட்டுவார்கள். இக்கணிப்புகள் எவ்வாறு செய்யப்படுகின்றன, அவை ஏன் சில வேளைகளில் பலித்தும் சில வேளைகளில் முற்றாகப் பொய்த்தும் போகின்றன என்பதை இன்று உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

பள்ளிக்கூடத் தலைமையாசிரியன் ஒருவனுக்கு அமெரிக்கப் பந்தாட்டத்தில் என்ன அக்கறை என்று நேயர்கள் கேட்கக்கூடும். 2024-ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் என் பழைய மாணாக்கர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. மேற்படிப்புக்காக இந்தியானாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றிருந்தவர் அவர். தம் பல்கலைக்கழக அணி பதினெட்டு அணிகளுள் பதினேழாவதாக வரும் என்று பத்திரிகையாளர் வாக்களித்திருப்பதாகவும், ஊரார் அதனைக் கேட்டுச் சிரிப்பதாகவும் எழுதியிருந்தார். கடிதத்தின் ஈற்றில், "எங்கள் உயர்தர வகுப்பைப்பற்றி ஐயா முன்னர் சொன்னது நினைவுக்கு வருகிறது" என்று ஒரு வரி இருந்தது. அவ்வரி என்னைச் சுட்டது. அதற்கான காரணத்தைப் பின்னர் சொல்வேன். அக்கடிதத்துக்கு மறுமொழி எழுதவேண்டியே இவ்விளையாட்டைப்பற்றி நான் படிக்கத் தொடங்கினேன்.

முதலில் இரண்டு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் நாட்டில் கல்லூரி என்றால் பெரும்பாலும் பாடசாலையையே கருதுகிறோம். அங்கே கல்லூரி அணி என்பது பல்கலைக்கழக அணி. நாம் உதைபந்தாட்டம் என்று சொல்வதும் அவர்கள் அப்பெயரால் வழங்குவதும் வேறு வேறு ஆட்டங்கள். அமெரிக்கர் ஆடுவது றக்பி ஆட்டத்துக்கு உறவான ஒன்று. பந்து முட்டை வடிவினது. பக்கத்துக்குப் பதினொருவர் களத்தில் நிற்பர். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார் தூரமாவது முன்னேறவேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். தவறினால் பந்து எதிரணிக்குப் போகும். தாக்கி ஆடுவதற்கு ஒரு குழுவும் தடுத்து ஆடுவதற்கு வேறொரு குழுவுமாக ஆட்டக்காரர் மாறி மாறி இறங்குவதால், ஓர் அணிக்குப் பத்துப் பதினைந்து பேர் போதா. நூறு பேர் அளவில் வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கிடையிலான இவ்வாட்டத்தின் தொடக்கமாக 1869-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 6-ஆம் நாள் றட்கர்ஸ், பிறின்ஸ்ரன் ஆகிய இரண்டும் மோதிய ஆட்டத்தைச் சொல்வர். அதில் றட்கர்ஸ் 6க்கு 4 என்ற கணக்கில் வென்றது. இக்காலத்தில் ஓர் அணி ஓகஸ்ட் இறுதி முதல் நவம்பர் இறுதி வரை, பெரும்பாலும் சனிக்கிழமைகளில், பன்னிரண்டு ஆட்டங்களை ஆடுகிறது.

இனிக் கணிப்புக்கு வருவோம். யாழ்ப்பாணத்து மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904-ஆம் ஆண்டு முதல் ஆடிவரும் கிரிக்கெற் பெருஞ்சமரை நம்மவர் நன்கறிவர். அவ்வாட்டம் நெருங்கும்போது ஊர்ப் பெரியவர்கள் முதலில் கேட்பது, "போன ஆண்டு ஆடியவர்களில் எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறார்கள்?" என்பதையே. மாணவர் அணியின் இயல்பு அத்தகையது. ஆற்றிலே நீர் ஓடிக்கொண்டிருப்பதுபோல ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பர். பெயரும் நிறமும் மட்டும் நிலைக்கும். அமெரிக்காவிலும் ஒரு மாணாக்கர் நான்கு போட்டிக்காலங்களுக்கு மேல் ஆடமுடியாது என்பது நெடுங்கால விதி. ஆகவே அங்கும் கணிப்பாளனின் முதற்கேள்வி அதுவே. சென்ற ஆண்டு வென்ற அணியும் இவ்வாண்டு ஆடப்போகும் அணியும் ஒரே அணிதானா?

அண்மைக் காலத்தில் இக்கேள்வி மிகச் சிக்கலாகிவிட்டது. முன்னர் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறும் ஆட்டக்காரர் ஓராண்டு ஆடாது காத்திருக்கவேண்டும். 2021-ஆம் ஆண்டில் அந்தத் தடை தளர்ந்தது. அதே ஆண்டு யூலை மாதம் முதல், ஆட்டக்காரர் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரங்களுக்குக் கொடுத்துப் பணம் பெறவும் இடமளிக்கப்பட்டது. 2025-ஆம் ஆண்டில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட உடன்பாடொன்றின்படி, ஒரு பல்கலைக்கழகம் தன் விளையாட்டு வீரர் அனைவருக்குமாக ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி 5 இலட்சம் டொலர் வரை நேரடியாகவே பகிர்ந்தளிக்கலாம் என்றாயிற்று. ஆதலால் இளைப்பாறிச் செல்வோரை எண்ணினால் மாத்திரம் போதாது. விலகிப் போனவர் எவர், புதிதாய் வந்தவர் எவர், வந்தவர் முன்னர் எங்கே எப்படி ஆடினர் என்பவற்றையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

அடுத்துக் கணிப்பாளன் நோக்குவது குவாட்டர்பாக் எனப்படும் ஆட்டநாயகனை. தாக்குதல் யாவும் அவன் கையிலிருந்தே தொடங்கும். பந்தை எறிவதா, கொடுத்து ஓடச் செய்வதா என்று சில நொடிகளில் முடிவுசெய்பவன் அவன். பத்திரிகைகள் அவன் படத்தையே முதற்பக்கத்தில் இடும். ஆனால் அனுபவமுள்ள கணிப்பாளன் அவனுக்கு முன்னே நிற்கும் ஐந்து பருத்த உடலினரையும் மறவான். எதிரிகள் பாய்ந்து வராமல் மறித்து நிற்பது அவர்கள் வேலை. அவர்கள் பெயரைக் கூட்டத்தில் எவரும் கூவுவதில்லை. எனினும் அந்த வேலி சரிந்தால் ஆட்டநாயகன் எவ்வளவு கெட்டிக்காரனாயினும் நிலத்திலேதான் கிடப்பான்.

மூன்றாவது, ஆட்ட அட்டவணை. இந்தியானா அங்கம் வகிக்கும் 'பிக் ரென்' கூட்டமைப்பில் 2024 முதல் பதினெட்டு அணிகள் உள்ளன. ஒவ்வொன்றும் கூட்டமைப்புக்குள் ஒன்பது ஆட்டங்களையே ஆடும். எனவே எல்லாரும் எல்லாரையும் சந்திப்பதில்லை. வலிய அணிகளைச் சந்தியாமல் தப்புவதும், சொந்த மைதானத்தில் அதிக ஆட்டங்கள் அமைவதும் ஓர் அணியின் விதியையே மாற்றிவிடும். நான்காவது, சென்ற ஆண்டுத் தோல்விகள் எத்தன்மையவை என்பது. முப்பது புள்ளியால் தோற்றவனும் மூன்று புள்ளியால் தோற்றவனும் அட்டவணையில் ஒரே நிரலில் நிற்பர். ஆயினும் இருவரும் ஒருவராகார்.

இவ்வளவையும் நன்கறிந்தவர்களே வாக்களிக்கிறார்கள். இருந்தும் 2024-ஆம் ஆண்டில் நடந்ததைக் கேளுங்கள்.

புளோரிடா மாநிலப் பல்கலைக்கழக அணி 2023-இல் ஆடிய பதின்மூன்று ஆட்டங்களையும் தொடர்ந்து வென்றது. இடையில், நவம்பர் மாதத்தில், அதன் ஆட்டநாயகர் ஜோர்டன் ட்ரவிஸ் கால் முறிந்து விலகினார். அவரில்லாத அணி முன்போல ஆடாது என்று கருதிய தெரிவுக்குழு, தோல்வியே காணாத அவ்வணியை நால்வர் பங்குபற்றும் தேசிய இறுதிச் சுற்றிலிருந்து விலக்கிவிட்டது. மனமுடைந்த அணியிலிருந்து பலர் அடுத்த ஆட்டத்துக்கே இறங்கவில்லை. ஜோர்ஜியா அணியிடம் 63க்கு 3 என்று தோற்றது. அதன்பின் அவ்வணியினர் பத்துப் பேர் தொழில்முறை அணிகளுக்குத் தெரிவாகிச் சென்றனர். வெற்றிடங்களைப் பிற பல்கலைக்கழகங்களிலிருந்து வந்தவர்களைக்கொண்டு நிரப்பினர். முன்னர் இரண்டு பல்கலைக்கழகங்களில் ஆடிப் பெயர்பெற்ற ஒருவர் ஆட்டநாயகரானார். பெயர்களைப் பார்த்த பத்திரிகையாளர் 2024-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவ்வணியை நாட்டிலேயே பத்தாவதாக வைத்தனர். தன் கூட்டமைப்பில் முதலாவது என்றும் சொன்னார்கள். அயர்லாந்தின் டப்ளின் நகரில் ஆடிய முதலாட்டத்திலேயே ஜோர்ஜியா ரெக் அணி அதனை 24க்கு 21 என வீழ்த்தியது. ஆண்டு முடிந்தபோது வெற்றி இரண்டு, தோல்வி பத்து.

மறுபுறம் இந்தியானா. கூட்டமைப்பின் முதன்மையை அது 1945, 1967 ஆகிய ஈராண்டுகளிலேயே கண்டிருந்தது. 2023-இல் அதன் பேறு மூன்று வெற்றியும் ஒன்பது தோல்வியும். பயிற்சியாளரை நீக்கிவிட்டு, ஜேம்ஸ் மடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து கேர்ட் சிக்னெற்றி என்பவரை அழைத்தார்கள். அறுபது வயதைக் கடந்தவர். சிறிய அணிகளைப் பல்லாண்டு பயிற்றியவர். அவரோடு அவருடைய பழைய ஆட்டக்காரர் பதின்மூவரும் வந்து சேர்ந்தனர். ஒகையோப் பல்கலைக்கழகத்திலிருந்து கேட்டிஸ் றோர்க் என்னும் கனடா நாட்டவர் ஆட்டநாயகராக வந்தார். இவர்களுள் எவரும் பெரிய பல்கலைக்கழகங்கள் போட்டியிட்டு அழைத்த பெயர்களல்லர். ஆகவேதான் பதினேழாம் இடம் அளித்தனர்.

ஆனால் அவ்வணி தொடர்ந்து பத்து ஆட்டங்களை வென்றது. நெபிறாஸ்காவை 56க்கு 7 என்றும், முந்திய ஆண்டின் தேசிய வாகையரான மிச்சிகனை 20க்கு 15 என்றும் வென்றது. பதினொரு வெற்றியோடு பன்னிரண்டு அணிகள் பங்குபற்றிய தேசிய இறுதிச் சுற்றுக்குள் புகுந்து, நொத்தர் டேம் அணியிடம் 27க்கு 17 எனத் தோற்று வெளியேறியது. அதற்குமுன் எந்த ஆண்டிலும் அப்பல்கலைக்கழகம் ஒன்பது வெற்றிக்கு மேல் பெற்றதில்லை.

கணிப்பாளர் எதைத் தவறவிட்டனர்? முதலாவதாக, 2023-இன் கடைசி மூன்று ஆட்டங்களில் இந்தியானா தோற்றது முறையே மூன்று, மூன்று, நான்கு புள்ளிகளால். அது குப்புற வீழ்ந்த அணியன்று. வாசற்படியில் நின்ற அணி. இரண்டாவதாக, 2024-ஆம் ஆண்டு அட்டவணையில் ஓறகன், பென் மாநிலம் ஆகிய வலிய அணிகள் இல்லை. இது நற்பேறு என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஒகையோ மாநில அணியைச் சந்தித்தபோது 38க்கு 15 எனத் தோற்றதும் உண்மையே. மூன்றாவது காரணமே முதன்மையானது. இந்தியானாவுக்கு வந்த பதின்மூவரும் தனித்தனியே வந்தவர்களல்லர். ஒரே ஆசிரியரிடம் ஒரே முறையில் பயின்று, ஒருவர் எண்ணத்தை மற்றவர் கண்ணாலேயே அறியக்கூடியவர்கள். புளோரிடாவுக்கு வந்தவர்கள் வெவ்வேறு இடங்களிலிருந்து பெயரோடு வந்தார்கள். ஒருவர் என்ன பெறுமதி என்பதைத் தாளில் எழுதலாம். பலர் சேர்ந்தால் என்ன பெறுமதி என்பதை எழுதத் தாளில் நிரல் இல்லை.

எல்லாக் கணிப்பும் வீண் என்று நான் சொல்லவரவில்லை. அதே 2024-இல் நாட்டின் இரண்டாவது அணி என்று சொல்லப்பட்ட ஒகையோ மாநிலமே இறுதியில், 2025 சனவரியில், நொத்தர் டேமை 34க்கு 23 என வென்று தேசிய வாகை சூடியது. ஆயினும் அவ்வணி நவம்பரில் தன் பழம்பகை மிச்சிகனிடம் 13க்கு 10 என்று தோற்றிருந்தது. அத்தோல்விக்குப் பின்னும் வாய்ப்பு எஞ்சியிருந்ததற்குக் காரணம், இறுதிச் சுற்றுக்கு நான்கு அணிகளை மாத்திரம் எடுத்த முறை மாறிப் பன்னிரண்டு அணிகளை எடுக்கும் முறை அவ்வாண்டு வந்தமையே. ஆகவே இன்று ஓர் அணியின் வாய்ப்பை நிறுப்பவர், "எல்லாவற்றையும் வெல்லுமா?" என்று கேட்பதிலும், "ஓரிரண்டு தோல்விக்குப் பின் எழுந்து நிற்குமா?" என்று கேட்பதே பொருத்தம். இந்தியானாவின் கதையும் 2024-உடன் முடியவில்லை. 2025-ஆம் ஆண்டுப் போட்டிக்காலத்தில் அவ்வணி ஒகையோ மாநிலத்தை 13க்கு 10 என வென்று கூட்டமைப்பின் முதன்மையையும், தொடர்ந்து தேசிய வாகையையும் பெற்றது.

இனி என் மாணாக்கரின் கடைசி வரிக்கு வருகிறேன். ஓராண்டின் தொடக்கத்தில், ஆசிரியர் கூட்டமொன்றில், புதிய உயர்தர வகுப்பைப்பற்றி நான் ஒரு கணிப்புச் சொன்னேன். சாதாரணதரப் பெறுபேறுகளைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் போக ஒருவரும் இல்லை" என்றேன். அச்சொல் எப்படியோ வகுப்பறைக்குப் போய்ச் சேர்ந்தது. அவ்வகுப்பில் இருவர் சில வாரங்களிலேயே படிப்பை விட்டுக் கடை வேலைக்குப் போனார்கள். எஞ்சியோர் மாலை வேளைகளில் பாடசாலை மண்டபத்தில் ஒன்றாகக் கூடி, ஒருவருக்கு விளங்கியதை மற்றவருக்குச் சொல்லிக்கொடுத்துப் படித்தார்கள். அவர்களுள் நால்வர் பல்கலைக்கழகம் புகுந்தனர். கடிதம் எழுதியவர் அந்நால்வரில் ஒருவர். நால்வரை நினைத்து மகிழ்கிறபோதெல்லாம் அந்த இருவரும் என் கண்முன் வருகிறார்கள்.

பத்திரிகையாளன் பதினேழு என்று எழுதினால் அவனுக்கு வருவது சிறு வெட்கம். பத்தொன்பது வயதுப் பிள்ளை அவ்வெண்ணைத் தன் நெற்றியில் எழுதிக்கொண்டால் வருவது பெரு நட்டம். ஆதலால் நேயர்களே, உங்கள் ஊர்ப் பாடசாலை அணியைப்பற்றியோ உங்கள் வீட்டுப் பிள்ளையைப்பற்றியோ ஆண்டுத் தொடக்கத்தில் கணிக்க நேர்ந்தால், சென்ற ஆண்டுக் கணக்கை மட்டும் நோக்காதீர்கள். இப்போது எவர் இருக்கிறார், எவரோடு சேர்ந்திருக்கிறார், அவரை நடத்துபவர் எவர் என்பவற்றையும் நோக்குங்கள். அதன்பின்பும் சொல்வதானால், அப்பிள்ளையின் காதில் விழாமல் சொல்லுங்கள்.

என் மாணாக்கருக்கு நான் எழுதிய மறுமொழி மிகச் சுருக்கமானது. "பதினேழு என்று சொன்னவர்கள் ஆட்டக்காரரை எண்ணியிருக்கிறார்கள், அணியைப் பார்த்திருக்கமாட்டார்கள். நானும் ஒருகால் அப்படித்தான் எண்ணினேன். மன்னித்துக்கொள்" என்று எழுதி அனுப்பினேன்.