ஓய்வும் ஒரு பயிற்சியே

விளையாட்டு என்றதும் ஓடுவதும் குதிப்பதும் வியர்வை சிந்துவதுமே நம் நினைவுக்கு வருகின்றன. உறங்குவதும் பயிற்சியின் ஒரு பகுதிதான் என்று எவரேனும் கூறினால், அது சோம்பேறிகளின் சாக்கு என்று நகைப்போம். ஆனால் உடல் வலிமைக்கே பெயர்பெற்ற பளுதூக்கும் போட்டியில் ஓய்வுக்கு உள்ள இடத்தை அறிந்தால் அந்த நகைப்பு அடங்கிவிடும்.

ஒலிம்பிக் பளுதூக்குதலில் இரு முறைகள் உண்டு. தரையிலிருந்து ஒரே வீச்சில் பளுவைத் தலைக்கு மேல் உயர்த்துவது ஸ்நாட்ச். முதலில் தோள் வரை கொணர்ந்து, பின்னர் தலைக்கு மேல் உந்தி நிறுத்துவது கிளீன் அண்டு ஜெர்க். ஒவ்வொன்றிலும் மூன்று வாய்ப்புகள் தரப்படும். இரண்டிலும் தூக்கிய சிறந்த எடைகளைக் கூட்டி வெற்றியைத் தீர்மானிப்பர். பெண்களுக்கான போட்டி 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. அங்கே ஆந்திரத்தின் கர்ணம் மல்லேஸ்வரி 110 கிலோவும் 130 கிலோவுமாக மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே.

இத்தகைய வலிமை எப்போது வளர்கிறது? பளுவைத் தூக்கும்போது என்றுதான் நாம் எண்ணுகிறோம். உண்மையில் அவ்வேளையில் தசை களைத்துப் போகிறது. தசை நார்களில் கண்ணுக்குத் தெரியாத சிறு சிதைவுகள் ஏற்படுகின்றன. தசையில் சேமித்து வைத்திருந்த சர்க்கரைச் சத்தும் குறைகிறது. பயிற்சி முடிந்த பின்னரே உடல் தன் பழுதுபார்க்கும் வேலையைத் தொடங்குகிறது. உணவிலுள்ள புரதத்தைக் கொண்டு சிதைந்த நார்களைச் சீர்செய்து, முன்னினும் உறுதியாகக் கட்டுகிறது. கடும் பயிற்சிக்குப் பின் இவ்வேலை ஓரிரு நாட்கள் நீடிக்கும். வளர்ச்சிக்குரிய ஹார்மோன் மிகுதியாகச் சுரப்பதும் ஆழ்ந்த உறக்கத்தில்தான். இரத்த ஓட்டம் குறைந்த தசைநாண்கள் தேற இன்னும் அதிக நாட்கள் ஆகும். கட்டி முடிக்குமுன் மீண்டும் மீண்டும் இடித்துக்கொண்டிருந்தால் வீடு எழும்புமா?

ஆகவேதான் தேர்ந்த பயிற்சியாளர்கள் ஓய்வையும் கணக்கிட்டே அட்டவணை வகுக்கிறார்கள். கனமான எடையை ஒருமுறை தூக்கியபின் அடுத்த முறைக்கு முன் சில நிமிடங்கள் அமரச் செய்வர். கடினமான நாளுக்கு அடுத்து எளிதான நாள் வரும். மூன்று வாரங்கள் பளுவைப் படிப்படியாகக் கூட்டி, நான்காம் வாரம் குறைப்பது பலர் கையாளும் முறை. போட்டி நெருங்கும்போதும் பயிற்சியைக் குறைத்துவிடுவர். போட்டி விதிகளிலும் இதற்கு இடமுண்டு. ஒருவரே அடுத்தடுத்துத் தூக்க நேர்ந்தால், வழக்கமான ஒரு நிமிடத்துக்குப் பதிலாக இரண்டு நிமிட அவகாசம் அளிக்கப்படுகிறது.

மணிப்பூரின் மீராபாய் சானுவின் வரலாறு நமக்கு நல்ல பாடம். 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் கிளீன் அண்டு ஜெர்க்கின் மூன்று வாய்ப்புகளும் தவறி வெறுங்கையுடன் திரும்பினார். மறு ஆண்டே 194 கிலோ தூக்கி உலக சாம்பியன் ஆனார். 2018இல் முதுகு வலி அவரை வாட்டியது. அவ்வாண்டு ஆசிய விளையாட்டில் அவர் கலந்துகொள்ளவில்லை. பெரும் போட்டியை விட்டு விலகி நிற்பது எத்துணைக் கடினம்! ஆயினும் சிகிச்சையும் ஓய்வும் பெற்றுத் தேறி, 2019இல் மீண்டும் மேடை ஏறினார். 2021 ஏப்ரலில் தாஷ்கண்டில் 119 கிலோவைத் தூக்கி, கிளீன் அண்டு ஜெர்க்கில் உலக சாதனை படைத்தார். அதே ஆண்டு நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 202 கிலோ தூக்கி வெள்ளிப் பதக்கம் பெற்றார். விலகி நின்ற காலம் வீணான காலம் அன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

ஓய்வு போதவில்லை என்பதை உடலே நமக்கு அறிவிக்கும். காலையில் எழும்போதே நாடித் துடிப்பு வழக்கத்தைவிட விரைவாக இருக்கும். பசி குறையும், உறக்கம் கெடும், காரணமின்றிச் சினம் வரும். நேற்று எளிதாகத் தூக்கிய எடை இன்று மலையாகத் தோன்றும். போதிய உணவின்றிக் கடுமையாகப் பயிலும் பெண்களுக்கு மாதவிலக்கு தவறுவதும் உண்டு. இதைக் கூச்சப்பட்டு மறைத்தல் ஆகாது. தாயிடமும் மருத்துவரிடமும் உடனே சொல்ல வேண்டும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். மைதானத்திலிருந்து வரும் மகன் கால் நீட்டி அமர்கிறான். மகளோ வந்தவுடன் தண்ணீர்க் குடத்தைத் தூக்குகிறாள், பாத்திரம் துலக்குகிறாள், எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்கிறாள், பாடம் படித்துவிட்டு எல்லோருக்கும் பின் உறங்குகிறாள். இப்படியிருக்கப் பயிற்சியின் பலன் எங்கிருந்து வரும்? வீட்டு வேலையைப் பிள்ளைகள் அனைவரும் பகிர்ந்துகொள்ளட்டும். அவளுக்கும் வயிறார சோறும் பருப்பும் முட்டையும் பாலும் கிடைக்கட்டும். வளரும் பருவத்தினருக்கு நாள்தோறும் எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் தேவை என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள்.

தோழியரே! இது பளு தூக்குவோருக்கு மட்டும் உரிய பாடமன்று. வலைப்பந்து ஆடுபவருக்கும், தேர்வுக்காக இரவெல்லாம் விழித்திருப்பவருக்கும் இதுவே பொருந்தும். கற்றது மனத்தில் பதிவதற்கும் உறக்கம் துணை செய்கிறது. உழைக்காமல் ஓய்வெடுப்பது சோம்பல். உழைத்தபின் ஓய்வெடுப்பது அடுத்த உழைப்புக்கு நாம் இடும் உரம். நன்றாக உழைப்போம், அச்சமின்றி ஓய்வெடுப்போம், நாளை இன்னும் சற்று அதிகமாகத் தூக்குவோம்!