வீட்டை எழுதிக் கொடுக்கும் முன்: வயதான பெற்றோரின் இருப்பிடமும் உரிமையும்

பெற்றோர் பெயரில் இருக்கும் வீட்டைப் பிள்ளைக்கு எழுதிவைப்பது புதுவையில் ஒரு குடும்பச் சடங்கு போலவே நடக்கிறது. மகன் வங்கிக் கடன் வாங்க வேண்டும், மகளுக்குப் பங்கு ஒதுக்க வேண்டும், பிற்காலத்தில் சண்டை வரக்கூடாது என்று காரணங்கள் பல. "இருந்தாலும் அவனுக்குத்தானே" என்ற எண்ணத்தில் அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். நல்ல பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதனால் ஒரு குறையும் வருவதில்லை. ஆனால் பிள்ளைக்கு வேலை போகலாம், கடன் ஏறலாம், பிள்ளையே பெற்றோருக்கு முன் இறந்துவிடலாம். அப்போது அந்த முதியவர் தான் கட்டிய வீட்டிலேயே இன்னொருவர் தயவில் இருக்க வேண்டிவருகிறது.

வயதான காலத்தில் எங்கே இருப்பது, யார் செலவு செய்வது, யார் பார்த்துக்கொள்வது என்ற மூன்றும் முடிவான பிறகே வீடு கை மாற வேண்டும். வரிசை தலைகீழானால் சட்டத்தின் துணை தேவைப்படும். அந்தச் சட்டம் என்ன தருகிறது, எங்கே கைவிடும் என்பதை ஒவ்வொரு குடும்பமும் முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

சட்டம் தரும் உரிமை

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ல் வந்தது. தன் வருமானத்தாலோ சொத்தாலோ தன்னைக் காத்துக்கொள்ள முடியாத பெற்றோர், பிள்ளைகளிடம் பராமரிப்பு கேட்கலாம். உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் நான்கும் இதில் அடக்கம். மகனுக்கு இருக்கும் கடமை மகளுக்கும் உண்டு. வயது வந்த பேரன் பேத்திக்கும் உண்டு. பெற்றோர் என்ற முறையில் கேட்பதற்கு 60 வயது ஆகியிருக்க வேண்டும் என்பதில்லை. பிள்ளை இல்லாத மூத்த குடிமக்கள், தங்கள் சொத்தை அனுபவித்து வருகிற அல்லது பின்னால் அடையப்போகிற உறவினரிடம் கேட்கலாம்.

மனுவை விசாரிப்பது நீதிமன்றம் அல்ல. கோட்ட அளவிலான வருவாய் அதிகாரிக்குக் குறையாத ஒருவர் தலைமை வகிக்கும் தீர்ப்பாயம் விசாரிக்கும். நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும். தவிர்க்க முடியாத நிலையில் ஒருமுறை 30 நாள் நீட்டிக்கலாம். வழக்கு நடக்கும்போதே இடைக்கால மாதத் தொகை தர உத்தரவிடலாம். சட்டத்தின் உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் வரை சிறை விதிக்க முடியும். மூத்த குடிமகனைக் கைவிடும் நோக்கத்தோடு எங்காவது விட்டுச் செல்வது தனிக் குற்றம். அதற்கு மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பிள்ளை சென்னையிலோ பெங்களூரிலோ இருந்தால் அங்கே அலைய வேண்டாம். பெற்றோர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம்.

புதுவைக்கு இது புதிது அல்ல

1819-ல் பிரெஞ்சு சிவில் சட்டம் இந்த மண்ணுக்கு வந்தது. இந்துக்களும் முஸ்லிம்களும் தங்கள் வழக்கப்படியே நடந்துகொள்ள இடம் தரப்பட்டது. 1881-ல் வந்த ஆணையின்படி தங்கள் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற குடும்பங்களும் உண்டு. வறுமையில் இருக்கும் பெற்றோருக்குப் பிள்ளைகள் வாழ்க்கைச் செலவு தர வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 205-வது பிரிவு சொல்கிறது. அடுத்த பிரிவு மருமகனையும் மருமகளையும் அதே கடமைக்குள் கொண்டுவருகிறது. தானம் பெற்றவர் நிபந்தனையை நிறைவேற்றாவிட்டாலோ, தானம் தந்தவருக்குச் சோறு மறுக்கும் அளவுக்கு நன்றி கெட்டு நடந்தாலோ, அந்தத் தானத்தை ரத்து செய்யவும் அதில் வழி இருக்கிறது.

பிரான்சில் குடியேறிய பிள்ளைகள் நம் ஊரில் ஏராளம். இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் இருப்பவரை 2007-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தும். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவரிடம் அந்தச் சட்டத்தை மட்டும் நம்பிப் பேச முடியாது. ஆனால் பெற்றோரைக் காக்கும் கடமை அவருடைய நாட்டுச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது என்பதை இரு தரப்பும் அறிந்திருப்பது நல்லது.

செட்டில்மென்ட் பத்திரத்தில் ஒரு வரி

2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-வது பிரிவுதான் முதியவர்களின் பெரிய பாதுகாப்பு. 'என் அடிப்படைத் தேவைகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும்' என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்கத் தவறினால், அந்தப் பத்திரம் செல்லாது என்று தீர்ப்பாயத்தை அறிவிக்கச் சொல்லலாம். சிக்கல் அந்த நிபந்தனையில்தான் இருக்கிறது.

2022 டிசம்பரில் ஒரு தாயின் வழக்கு உச்ச நீதிமன்றம் வந்தது. அவர் எழுதிய பத்திரத்தில் பராமரிப்பு நிபந்தனை இல்லை. அப்படி ஒரு நிபந்தனை இருந்ததாக நிரூபிக்கவும் இல்லை. 23-வது பிரிவு பொருந்தாது என்று தீர்ப்பானது. 2025 ஜனவரி 2 அன்று மத்தியப் பிரதேசத் தாய் ஒருவரின் வழக்கில் அதே நீதிமன்றம் தாயின் பக்கம் நின்றது. 'காப்பாற்றாவிட்டால் சொத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்' என்று மகன் எழுதித் தந்த உறுதிமொழி அங்கே பேசியது. வீட்டைத் தாயிடம் திரும்ப ஒப்படைக்க உத்தரவானது. முதியோர் நலச் சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றும், தேவைப்பட்டால் தீர்ப்பாயமே வெளியேற்ற உத்தரவிடலாம் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது.

புதுவையும் அடங்கிய சென்னை உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் இன்னும் ஒரு படி முன்னே சென்றது. நாகப்பட்டினத்துத் தாய் ஒருவர் அன்பின் பேரில் மகனுக்கு வீட்டை எழுதிக் கொடுத்திருந்தார். அந்த அன்புக்குள்ளேயே பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை மறைந்திருக்கிறது என்று நீதிபதிகள் கூறினர். இது ஆறுதலான தீர்ப்பு. என்றாலும், நிபந்தனை எழுத்தில் இருந்திருந்தால் அந்த அம்மா அத்தனை படி ஏறியிருக்க வேண்டியதில்லை.

ஆகவே எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு வாசகங்கள் பத்திரத்தில் இருக்கட்டும். ஒன்று, பராமரிப்பு நிபந்தனை. மற்றது, எழுதிக் கொடுப்பவரும் அவருடைய துணையும் ஆயுள்வரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை, வாடகை வந்தால் அதை வாங்கும் உரிமை. இப்படி ஆயுள் உரிமையை நிறுத்திவைத்துக்கொண்டு தரும் தானம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2014-லேயே கூறிவிட்டது.

அவசரம் இல்லை என்றால் உயில் மேலானது. உயிருள்ளவரை வீடு உங்களுடையது; எத்தனை முறை வேண்டுமானாலும் உயிலை மாற்றலாம். இரண்டு சாட்சிகள் போதும். பதிவு கட்டாயமில்லை; பதிவு செய்தால் பின்னால் தகராறு குறையும். எதற்கென்று சொல்லாமல் நீட்டப்படும் பொது அதிகாரப் பத்திரத்தில் மட்டும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள்.

சொந்த வீடு இல்லாதவர்களுக்கு

ஓய்வு பெற்றபோது வந்த பணத்தை மொத்தமாகக் கொடுத்து, மாத வாடகை இல்லாமல் 'லீஸுக்கு' வீடு பிடிக்கும் முதியவர்கள் பலர். வாடகைச் சுமை போகிறது என்ற நிம்மதி இதில் உண்டு, அபாயமும் உண்டு. வெறும் முத்திரைத்தாள் ஒப்பந்தத்தை நம்பிப் பல லட்சம் கொடுத்தபின், அந்த வீடு வங்கி அடமானத்தில் இருப்பது தெரியவந்தால் என்ன செய்வது? பணம் தரும் முன் வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். மூலப் பத்திரத்தை நேரில் காட்டச் சொல்லுங்கள். அது வங்கியில் இருக்கலாம். ஓராண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். தொகையை வங்கி வழியாகவே கொடுங்கள். கையில் உள்ள பணம் முழுவதையும் ஒரே வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் சேர்ந்ததே ஒரு குடும்பம். மணமான மகனுக்கு வீடு இருக்கிறது என்பதால் மட்டும் பெற்றோரின் தகுதி போய்விடாது. அவர்கள் பெயரில் நாட்டில் எங்கும் கல்வீடு இருக்கக்கூடாது. வருமான வரம்பும் உண்டு. வீடு இருந்து வருமானம் இல்லாத 60 வயதைக் கடந்தவர்கள், வீட்டிலேயே குடியிருந்தபடி வங்கியிடமிருந்து மாதத் தொகை பெறும் தலைகீழ் அடமானத்தைப் பற்றி விசாரிக்கலாம். உயிருள்ளவரை கடனைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. பின்னால் வாரிசுகள் கடனை அடைத்து வீட்டை மீட்கலாம்.

முதியோர் குடியிருப்பில் சேர நினைப்பவர்கள் முதலில் எல்லையைப் பார்க்க வேண்டும். கோட்டக்குப்பம் நமக்கு அடுத்த தெரு போலத் தோன்றினாலும் அது தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம். அங்கே குடிபோனால் தீர்ப்பாயமும் காவல் நிலையமும் ரேஷன் கார்டும் மாறும். புதுவை அரசின் முதியோர் உதவித்தொகையும் சிக்கலாகும். முன்பணம் எப்போது, எவ்வளவு திரும்பும்? மாதக் கட்டணம் எப்படி உயரும்? தம்பதியரில் ஒருவர் இறந்தால் மற்றவரின் இடம் என்ன? படுக்கையில் விழுந்தால் வைத்திருப்பார்களா? இந்த நான்குக்கும் பதில் ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்க வேண்டும்.

மருத்துவச் செலவும் கணக்கில் வரட்டும். 2024 அக்டோபர் முதல் 70 வயது நிறைந்த எவரும், வருமானம் பாராமல், ஆயுஷ்மான் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சை பெறலாம். ஆதாரைக் கொண்டு அட்டையை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தவறு நடந்துவிட்டால்

முதலில் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழையுங்கள். அடி, மிரட்டல், வெளியே தள்ளுதல் என்றால் 112. பராமரிப்பு மனுவை சப்-கலெக்டர் அலுவலகத்தில் கொடுக்கலாம். நடக்க முடியாதவர் சார்பில் அவர் அனுமதித்த இன்னொருவரோ ஓர் அமைப்போ கொடுக்கலாம். வக்கீல் வைக்க வசதியில்லையே என்று தயங்க வேண்டாம். கேட்டுக்கொண்டால் பராமரிப்பு அலுவலரே உங்களுக்காக நிற்பார். உத்தரவு திருப்தி இல்லையென்றால் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இலவசச் சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு வருமான வரம்பு பாராமலே இந்த உதவி உண்டு.

மனுவோடு ஆதார், பத்திர நகல், வில்லங்கச் சான்று, மருந்துச் சீட்டுகள், மாதச் செலவுக் கணக்கு ஆகியவற்றை வையுங்கள். ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: மருமகளை விரட்டும் ஆயுதமாக இந்தச் சட்டத்தைப் பயன்படுத்த முடியாது. குடும்ப வன்முறைச் சட்டம் அவருக்குத் தரும் குடியிருப்பு உரிமையையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது.

தீர்ப்பாயம் மாதத் தொகையை வாங்கித் தரும், வீட்டை மீட்டுத் தரும். முறிந்த உறவை ஒட்டவைக்க அதனால் முடியாது. அதனால்தான் நல்ல உறவு இருக்கும்போதே பேசிவிட வேண்டும் என்கிறோம். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ எல்லாரும் கூடும் நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அப்பா அம்மா எங்கே இருக்க விரும்புகிறார்கள் என்று முதலில் அவர்களையே கேளுங்கள். மாதம் எவ்வளவு ஆகும், யார் எவ்வளவு தருவது, இரவில் மூச்சு வாங்கினால் யார் ஓடிவருவது என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி அனைவரும் கையெழுத்திடுங்கள். மகளையும் அந்தப் பேச்சில் உட்காரவையுங்கள். கடமையில் பங்கிருப்பவருக்கு முடிவிலும் பங்கிருக்க வேண்டும். இதைப் பேசுவது அவநம்பிக்கை ஆகாது. பெற்றோர் கேட்கத் தயங்குவார்கள் என்பதால், பேச்சைத் தொடங்க வேண்டியவர்கள் பிள்ளைகள்தான்.