நாலு பேர், ஒரு பயணம் – 4: ஆளுக்கு ஒரு நாள்

சாப்பாட்டு மேஜையில் விரித்த ஐரோப்பா வரைபடத்தில் என் கணவர் பென்சிலால் எட்டு வட்டம் போட்டிருந்தார். லண்டன், பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், சூரிச், மிலன், வெனிஸ், ரோம். கையில் இருப்பதோ பன்னிரண்டு இரவுகள். "இவ்வளவு செலவு பண்ணிப் போறோம். இன்னொரு தடவை அமையுமோ என்னவோ" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மாதச் சம்பளத்தில் மூன்று வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் அது.

மூத்தவனுக்குப் பதினாறு முடிந்துவிட்டது. வரைபடத்தை எட்டிப் பார்த்து, "எட்டு ஊருன்னா பாதி நாள் ரயில்லயும் ஸ்டேஷன்லயும்தாம்பா போகும்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டான். பதின்மூன்று வயதுச் சின்னவள் வாயே திறக்கவில்லை. எனக்கு உறைத்தது அந்த மௌனம்தான். கொடைக்கானலுக்குப் போவதென்றால் முதல் நாள் இரவு தூங்காமல் பையைத் திறந்து திறந்து பார்த்த பிள்ளை அவள்.

ஐந்து வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். பதின்மூன்றிலும் பதினாறிலும் அவர்களுக்கென்று ஒரு மனசு வந்துவிடுகிறது. கூட்டிப்போகிற இடத்துக்கு உடம்பு வரும், மனசு வராது. மூத்தவன் இன்னும் ஒரு வருடத்தில் கல்லூரி, விடுதி என்று போய்விடுவான். பிளஸ் டூ சிறப்பு வகுப்பை விட்டுவிட்டா போகிறீர்கள் என்று கேட்காத உறவினர் இல்லை. விட்டுவிட்டுத்தான் போகிறோம்.

அன்று இரவே ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். ஆளுக்கு ஒரு நாள். அந்த நாளை அவரவரே தேர்ந்தெடுக்க வேண்டும், ஏன் என்றும் சொல்ல வேண்டும். மற்ற மூவரும் முகம் சுளிக்காமல் கூட வர வேண்டும். யோசிக்க மூன்று நாள் அவகாசம்.

மூத்தவன் சொன்னது ஜெனீவா. எனக்கு ஏரி ஞாபகம் வந்தது, அவனுக்கு செர்ன். பூமிக்கு அடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவில் வளையமாகச் சுரங்கம் தோண்டி அணுத்துகள்களை மோதவிடும் ஆய்வுக்கூடம். டிம் பெர்னர்ஸ்-லீ வேர்ல்ட் வைட் வெப்புக்கான யோசனையை 1989இல் எழுதிக் கொடுத்ததும் அங்கேதான். 2023இல் திறந்த அறிவியல் காட்சிக்கூடத்துக்குக் கட்டணம் இல்லை, ஜெனீவா ரயில் நிலையத்திலிருந்து 18ஆம் எண் டிராம் ஏறினால் வாசலிலேயே இறங்கலாம் என்று எல்லாம் தேடி வைத்திருந்தான். அந்த வளாகத்தில் இந்திய அரசு 2004இல் கொடுத்த நடராஜர் சிலை இருக்கிறது என்று அவன் சொன்னதும், அதுவரை டிவி பார்த்துக்கொண்டிருந்த என் மாமியார் திரும்பிப் பார்த்தார்.

சின்னவள் சொன்னது ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்கின் வீடு. பள்ளி நூலகத்தில் எடுத்து வந்த நாட்குறிப்பை இரண்டு முறை படித்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. பதின்மூன்றாவது பிறந்தநாளுக்குக் கிடைத்த நோட்டில் எழுதத் தொடங்கிய பெண், இவள் வயது. 1942 ஜூலையிலிருந்து 1944 ஆகஸ்ட்டில் பிடிபடும் வரை, நகரும் புத்தக அலமாரிக்குப் பின்னால் எட்டுப் பேர் ஒளிந்து வாழ்ந்த வீடு. உயிரோடு திரும்பியவர் அப்பா ஓட்டோ மட்டும். அறைகளில் மேஜை நாற்காலி எதுவும் இல்லை. நாஜிகள் எடுத்துப்போன பிறகு காலியாகவே இருக்கட்டும் என்றவர் அவர்தான்.

"சுவத்துல பென்சில் கோடு இருக்கும்மா. ஆனும் அவ அக்கா மார்கோட்டும் எவ்வளவு வளர்ந்தாங்கன்னு அவங்க அப்பா அம்மா போட்டது. ஒளிஞ்சிருந்த அந்த ரெண்டு வருஷத்துல ஆன் 13 சென்டிமீட்டர் வளர்ந்திருக்கா." சொல்லிவிட்டு அவள் எங்கள் ஸ்டோர் ரூம் கதவு நிலையைப் பார்த்தாள். அண்ணன் கோடு நீலம், அவள் கோடு சிவப்பு. போன தீபாவளிக்குப் பிறகு யாரும் கோடு போடவில்லை.

என் கணவர் யுங்ஃப்ராவ் பனிமலையைக் கேட்டார். 3,454 மீட்டர் உயரத்து நிலையத்துக்கு 1912இலிருந்து ரயில் ஓடுகிறது. நான் பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகம். நாலு நாளையும் வரைபடத்தில் வைத்ததும் வழி தானாகவே அமைந்தது. ஆம்ஸ்டர்டாமில் இறங்கி 3 இரவு, பாரிஸில் 4, ஜெனீவாவில் 2, இன்டர்லாக்கனில் 3, சூரிச்சில் விமானம். ஒரே ஊரில் போய் இறங்கி அங்கிருந்தே திரும்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால் ஒரு நீண்ட ரயில் பயணம் மிச்சம். ஷெங்கன் விசா செல்லாத லண்டன் முதலில் போனது, பிரஸ்ஸல்ஸும் இத்தாலியும் பிறகு. ரோமை அழித்தபோது ரப்பர் என் கையில்தான் இருந்தது. இன்னும் வலிக்கிறது.

விசாவில் ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். பாரிஸில்தானே அதிகம், பிரான்ஸிடம் கேட்கலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். எண்ண வேண்டியது ஊரை அல்ல, நாட்டை. ஜெனீவாவும் இன்டர்லாக்கனும் சேர்ந்தால் சுவிட்சர்லாந்து 5 இரவு. ஆக, சுவிஸ் விசா. பன்னிரண்டு வயது ஆகிவிட்டால் பெரியவர் கட்டணமே, ஆளுக்கு 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கட்டாயம்.

சின்னவளின் பாஸ்போர்ட்டில்தான் நெஞ்சு திக்கென்றது. சிங்கப்பூர் போக எட்டு வயதில் எடுத்தது. பிள்ளைகளுக்கு ஐந்து வருடமே கொடுக்கிறார்கள், ஜூலையில் முடிகிறது. ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறிய பிறகும் மூன்று மாதம் செல்ல வேண்டும் என்பது விதி. நாங்கள் திரும்புவது மே கடைசியில். பெற்றோர் இருவரும் ஒப்புதல் கையெழுத்துப் போட்டு, புதுப் பாஸ்போர்ட் வந்த பிறகே விசா பக்கம் போக முடிந்தது. நீங்கள் கிளம்புவதாக இருந்தால் டிக்கெட்டைத் தேடுவதற்கு முன் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள்.

சென்னை விண்ணப்ப மையத்தில் அவளும் கைரேகை கொடுத்தாள். விரல் வேர்த்து, கருவி இரண்டு முறை ஏற்கவில்லை. துப்பட்டாவில் துடைத்துத் துடைத்து வைத்தாள். மூன்றாம் முறை பச்சை விளக்கு எரிந்ததும் அவள் முகத்தில் வந்த சிரிப்பை நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

வீட்டில் என் மாமியார் பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் தயார் செய்ய ஆரம்பித்துவிட்டார். கூடவே ஒரு டப்பா நெய், ஈரத்துணியில் சுற்றிக் கறிவேப்பிலை. வெளிநாட்டிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது, பச்சை இலைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும் என்றேன். "ஏம்மா, நெய் இல்லாம பருப்புப் பொடிய எப்படிச் சாப்பிடுவாங்க பிள்ளைங்க?" அவர் கவலை உண்மையானது. பொடியில் வறுத்த கறிவேப்பிலையைக் கூடுதலாகச் சேர்த்து அரைத்தார். எண்ணெயை அங்கேயே வாங்கிக்கொள்வோம்.

ஆன் ஃபிராங்க் வீட்டுக்கு வாசலில் டிக்கெட் கிடையாது. செவ்வாய்க்கிழமைதோறும், ஆறு வாரம் கழித்து வரும் நாட்களுக்கு இணையத்தில் திறக்கிறார்கள். அங்கே காலை 10 மணி, ஏப்ரலில் நமக்குப் பகல் 1.30. அன்று அவளுக்குக் காலையோடு தேர்வு முடிந்துவிட்டது. சீருடையைக்கூட மாற்றாமல் 1.15க்கே மடிக்கணினி முன் உட்கார்ந்தாள். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஆயிரக்கணக்கில் ஆட்கள். சோற்றைப் பிசைந்து நான் ஊட்டிவிட, வாயை மட்டும் திறந்தாள், கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. ஊட்டிவிட்டு எத்தனை வருடமாயிற்று!

2.20க்கு நாலு டிக்கெட் கிடைத்தது. மாலை 6.15 நுழைவு. அவள் எழுந்து பென்சிலை எடுத்துக்கொண்டு ஸ்டோர் ரூம் பக்கம் போனாள்.

"அம்மா, வந்து கோடு போடு."

(தொடரும்)