வீட்டு நாஸ் ஸ்லோவா இருக்கா? ராம் வாங்கும் முன் இதைப் பாருங்க!

போனில் ஸ்டோரேஜ் ஃபுல். கிளவுடுக்கோ மாதாமாதம் சந்தா. இதற்கு மாற்றாகப் பலர் வீட்டில் வாங்கி வைப்பதுதான் நாஸ். ரவுட்டருடன் இணைத்துவிட்டால், குடும்பத்தின் போட்டோ, வீடியோ, ஆவணங்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேமிக்கும் சின்னப் பெட்டி இது. உள்ளே ஹார்ட் டிஸ்க்குகளுடன் ஒரு பிராசஸரும் கொஞ்சம் ராமும் இருக்கும்.

கொஞ்ச நாள் பயன்படுத்தியதும் பலருக்கும் வரும் சந்தேகம்: 'மெமரி 80% காட்டுதே, ராமைக் கூட்டிடலாமா?' ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் 2025 இறுதியில் ராம் விலை கடுமையாக உயர்ந்தது. அதனால் யோசித்து எடுக்க வேண்டிய முடிவு இது.

80% என்றால் ஆபத்தா?

இல்லை. பெரும்பாலான வீட்டு நாஸ்கள் லினக்ஸ் அடிப்படையில் இயங்குபவை. லினக்ஸ், காலியாக இருக்கும் ராமைச் சும்மா விடாது. சமீபத்தில் திறந்த ஃபைல்களை அதில் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும். இதுதான் 'கேஷ்'. ஏதாவது ஆப்புக்கு இடம் தேவைப்பட்டால் உடனே காலி செய்து கொடுத்துவிடும்.

கவனிக்க வேண்டியது 'ஸ்வாப்'. ராம் நிஜமாகவே போதாதபோது, ஹார்ட் டிஸ்க்கின் ஒரு பகுதியை நாஸ் தற்காலிக மெமரியாகப் பயன்படுத்தும். ராமோடு ஒப்பிட்டால் ஹார்ட் டிஸ்க் ரொம்பவே ஸ்லோ. ஸ்வாப்பில் கொஞ்சம் டேட்டா இருப்பது பிரச்னை இல்லை. ஆனால், நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் நேரத்தில் ஸ்வாப் தொடர்ந்து ஏறி இறங்கினால் ராம் போதவில்லை என்று அர்த்தம். நாஸின் ரிசோர்ஸ் மானிட்டரில் ஒரு வாரம் கவனித்தாலே தெரிந்துவிடும்.

ராம் கூட்டினால் எது வேகமாகும்?

பெரிய ஃபைல்களை காப்பி செய்யும் வேகம் பெரும்பாலும் மாறாது. ஒரு கிகாபிட் நெட்வொர்க்கில் நடைமுறையில் கிடைப்பது நொடிக்குச் சுமார் 110 எம்பிதான். வைஃபையில் இது இன்னும் குறையலாம். தடை அங்கே இருக்கும்போது, ராம் என்ன செய்யும்? வீடியோவை வேறு ஃபார்மேட்டுக்கு மாற்றி ஓட்டும்போது சிக்கினால், அது பிராசஸரின் வேலை.

ஆயிரக்கணக்கான போட்டோக்களை ஒரே நேரத்தில் ஏற்றியிருந்தால், தம்ப்நெயில் உருவாக்கி முகங்களை அடையாளம் காண நாஸுக்குச் சில நாட்கள்கூட ஆகலாம். அதுவரை ஸ்லோவாக இருப்பது சகஜம். முடியும்வரை பொறுத்திருந்து பாருங்கள்.

டாக்கர் கன்டெய்னர்கள் பல ஓடுகின்றனவா? விர்ச்சுவல் மெஷின் வைத்திருக்கிறீர்களா? அப்போது ராம் கூட்டுவதன் பலன் நன்றாகவே தெரியும்.

எல்லா மாடலிலும் முடியுமா?

முடியாது. உதாரணமாக, சினாலஜியின் டிஎஸ்223ஜே மாடலில் இருப்பது 1 ஜிபி ராம். அதைக் கூட்ட வழியில்லை. டிஎஸ்224 பிளஸ் மாடலில் 2 ஜிபி போர்டிலேயே பொருத்தப்பட்டிருக்கும். கூடவே ஒரு ஸ்லாட். அதில் 4 ஜிபி சேர்த்து மொத்தம் 6 ஜிபி வரை போகலாம் என்பது நிறுவனம் சொல்லும் கணக்கு. நிறுவனத்தின் பட்டியலில் இல்லாத ராமைப் போட்டால், பின்னர் சர்வீஸ் கேட்கும்போது சிக்கல் வரலாம்.

புதிய ராமைப் போட்டதும் மெமரி டெஸ்ட் ஓட்டிவிடுங்கள். பழுதான ராம், சத்தமே இல்லாமல் ஃபைல்களைக் கெடுத்துவிடக்கூடும்.

ராம் தேவையில்லை என்றால்?

அந்தப் பணத்தில் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கலாம். 'ரெண்டு டிஸ்க்லயும் காப்பி இருக்கே, அப்புறம் என்ன?' என்று தோன்றலாம். ரெய்டு 1 முறையில் ஒரு டிஸ்க் பழுதானால் இன்னொன்று காப்பாற்றும். ஆனால், தவறுதலாக டெலீட் செய்தால் இரண்டிலும் அழிந்துவிடும். 2021 ஏப்ரலில் க்யூலாக்கர் என்ற ரான்சம்வேர், க்யூநாப் நிறுவனத்தின் நாஸ்களில் இருந்த ஃபைல்களைப் பூட்டி, திறக்க 0.01 பிட்காயின் கேட்டது. அப்படி ஒரு நாளில் கைகொடுப்பது, நாஸிலிருந்து கழற்றித் தனியாக வைத்திருக்கும் பேக்கப் மட்டுமே.

ஆக, ஸ்வாப் ஓய்வில்லாமல் ஓடுகிறது, மாடலில் ஸ்லாட்டும் இருக்கிறது என்றால் தயங்காமல் ராம் வாங்கலாம். போட்டோ, வீடியோ சேமிக்க மட்டும்தான் நாஸ் என்றால், முதல் செலவு பேக்கப்புக்கு!