நன்றி மறவா ஆட்டம்

அயர்லாந்து நாட்டின் தலைநகராகிய டப்ளின் மாநகரில், ஆகஸ்டு மாதத்தின் பிற்பகுதியில் ஒரு சனிக்கிழமையன்று விந்தையான காட்சியொன்றைக் காணலாம். கடல் கடந்து வந்த அமெரிக்கர்கள் ஆயிரமாயிரமாய்த் தெருக்களை நிறைத்திருப்பர். அவர்கள் காண வந்தது அயர்லாந்தின் விளையாட்டை அன்று. தங்கள் நாட்டுக் கல்லூரிகள் இரண்டு மோதும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தையே. அமெரிக்கக் கல்லூரிகளின் ஆட்டப் பருவம் தொடங்கும் முதல் ஆட்டங்களுள் ஒன்று, இரு கல்லூரிக்கும் சொந்தமல்லாத அந்நிய மண்ணில் ஆண்டுதோறும் நடைபெறுகிறது.

இதில் நம் பங்குக் குடும்பங்களுக்கு என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். இந்த ஆட்டத்தின் வரலாற்றைச் சற்றே கிளறிப் பார்த்தால், அதனடியில் ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகமும், அது பட்ட கடனொன்றும், அக்கடனை மறவாத பண்பும் நமக்குத் தென்படுகின்றன. அதுவே நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

ஆட்டமும் இடமும்

அமெரிக்கக் கால்பந்து நாமறிந்த கால்பந்து அன்று. பந்து நீள்வட்டமானது, அதைக் கையால் எறியலாம், ஏந்தியும் ஓடலாம். பக்கத்திற்குப் பதினொருவர் தலைக்கவசமும் தோட்காப்பும் அணிந்து ஆடுவர். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜமேனும் முன்னேறவேண்டும். இல்லையேல் பந்து எதிரணிக்குப் போய்விடும். எல்லைக்கோட்டைக் கடந்து பந்தைக் கொண்டுசேர்த்தால் ஆறு புள்ளிகள்.

கல்லூரி அணிகள் வழக்கமாக ஒன்றின் திடலுக்கு மற்றொன்று சென்று ஆடும். பருவத்தின் தொடக்க ஆட்டத்தை மட்டும் பொதுவான ஓரிடத்தில் விழாப்போல் நடத்தும் வழக்கமும் உண்டு. நியூ ஜெர்சியில் 1983 முதல் 2002 வரை அத்தகைய ஆட்டம் நடந்தது. அட்லாண்டாவில் 2008 முதல் நடந்துவருகிறது. டப்ளினில் இப்போதைய வரிசை 2016 இல் தொடங்கியது. அவ்வாண்டு, சேசு சபையார் நடத்தும் பாஸ்டன் கல்லூரியை ஜார்ஜியா டெக் அணி 17–14 என்ற கணக்கில் வென்றது. பின்னர் 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் பெருந்தொற்று இவ்வாட்டத்தைத் தடுத்தது. 2022 முதல் ஆண்டு தவறாது நடைபெறுகிறது.

இவற்றுள் நம் நெஞ்சைக் கவர்வது 2023 ஆகஸ்டு 26 அன்று நடந்த ஆட்டம். ஒருபுறம் இந்தியானா மாநிலத்து நோட்டர் டேம் பல்கலைக்கழகம். மறுபுறம் அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி. நோட்டர் டேம் 42–3 என்ற கணக்கில் எளிதாக வென்றது. ஆட்டம் என்று பார்த்தால் அதில் சுவை குறைவே. ஆனால் இவ்விரு அணிகளும் ஏன் ஆண்டுதோறும் மோதுகின்றன என்பதில்தான் சுவை இருக்கிறது.

அன்னையின் பெயரால்

1842 நவம்பர் 26 அன்று, பனி மூடிய ஏரிக்கரை ஒன்றை, பிரான்சு நாட்டினரான எட்வர்டு சொரின் அடிகளார் வந்தடைந்தார். அப்போது அவருக்கு வயது 28. திருச்சிலுவைச் சபையைச் சேர்ந்த அருட்சகோதரர் எழுவர் அவருக்குத் துணை. வின்சென்ஸ் ஆயர் அளித்த நிலத்தில் அவர்கள் எழுப்பிய கல்விக்கூடத்திற்கு, தேவ அன்னையின் நினைவாக, ‘நமது அன்னை’ எனப் பொருள்படும் பிரெஞ்சுப் பெயரைச் சூட்டினர். அதுவே நோட்டர் டேம். 1896 இல் அங்கே லூர்து மாதா கெபி ஒன்றும் எழுந்தது. இன்றும் மாணவர்கள் தேர்வுக்கு முன்னும் ஆட்டத்திற்கு முன்னும் அங்கே மெழுகுதிரி ஏற்றி மன்றாடுகின்றனர்.

பிரெஞ்சுக் குருவானவர் நிறுவிய கூடம் அயர்லாந்தின் பெயரைத் தாங்கியது எங்ஙனம்? 1845 இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்து மக்களில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மாண்டனர். அதற்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டு வெளியேறினர். கப்பலேறி அமெரிக்கா சேர்ந்த அந்த ஏழைக் கத்தோலிக்கரை அங்கே பலர் ஏளனத்துடன் நோக்கினர். 1863 ஜூலை 2 அன்று, கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில், ஐரிஷ் படைப்பிரிவின் வீரர்களுக்கு ஒரு பாறையின்மேல் நின்று பொதுப் பாவமன்னிப்பு அளித்தவர் வில்லியம் கோர்பி அடிகளார். அவரே பின்னர் நோட்டர் டேமின் தலைவராகவும் விளங்கினார். கையுயர்த்தி நிற்கும் அவரது சிலை இன்றும் அவ்வளாகத்தில் உள்ளது.

கத்தோலிக்கர்மீது கொண்ட வெறுப்பு நெடுநாள் நீடித்தது. 1924 மே மாதத்தில் கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்தார் சவுத் பெண்டு நகரில் திரண்டபோது, நோட்டர் டேம் மாணவர் அவர்களை எதிர்த்துத் தெருவில் இறங்கினர். எதிரணியினர் இழிவாகச் சொல்லிவந்த ‘சண்டைக்கார ஐரிஷார்’ என்ற பெயரையே 1927 இல் பல்கலைக்கழகம் தன் அணியின் பெயராக ஏற்றுக்கொண்டது. ஏளனமே விருதாயிற்று. குடிபெயர்ந்து வாழ்ந்த ஏழைக் கத்தோலிக்கக் குடும்பங்கள், கல்லூரி வாயிலை மிதியாதவர்களுங்கூட, வானொலிப் பெட்டியருகே அமர்ந்து அவ்வணியைத் தங்கள் அணியென்றே கொண்டாடின.

அந்நாளில் அணியைப் பயிற்றுவித்த நூட் ராக்னி, நார்வேயிலிருந்து வந்த லுத்தரன் சபையினர். விளையாட்டு வீரர்கள் அதிகாலையில் எழுந்து நற்கருணை வாங்கச் செல்வதைக் கண்டதும் அவரது மனமாற்றத்திற்கு ஒரு காரணம் என்பர். 1925 நவம்பரில் அவர் கத்தோலிக்கரானார். டப்ளின் ஆட்டத்தில் அணியை நடத்திய மார்க்கஸ் ஃபிரீமனும் 2022 செப்டம்பரில்தான் திருச்சபையில் சேர்ந்தவர். ஆட்டத்தன்று அணியினர் யாவரும் திருப்பலி காணும் பழைய வழக்கத்தை அவ்வாண்டில் மீண்டும் நிலைநாட்டியவரும் அவரே.

பட்ட கடன்

இனி நாம் சொல்லவந்த செய்திக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியபோது, இளைஞர் யாவரும் படையில் சேர்ந்தனர். கல்லூரிகள் வெறிச்சோடின. அக்காலத்து நோட்டர் டேமுக்குப் பெருநிதி ஏதும் கிடையாது. மாணவர் செலுத்தும் கட்டணமே அதன் உயிர்நாடி. மாணவர் இல்லையேல் கூடம் இல்லை என்ற நிலை.

அந்நேரத்தில் அமெரிக்கக் கடற்படை தன் அதிகாரிகளைப் பயிற்றுவிக்க நோட்டர் டேம் வளாகத்தைத் தேர்ந்தெடுத்தது. 1942 முதல் 1946 வரை ஏறத்தாழ 12,000 பேர் அங்கே பயிற்சி பெற்று அதிகாரிகளாயினர். அறைகள் நிறைந்தன, வகுப்புகள் நடந்தன, கூடம் பிழைத்தது. பிற்காலத்தில் 35 ஆண்டுகள் அப்பல்கலைக்கழகத்தின் தலைவராய் விளங்கிய தியோடர் ஹெஸ்பர்க் அடிகளார், கடற்படை வந்திராவிடில் மாணவர் தொகை சில நூறாகச் சுருங்கியிருக்கும் என்று நினைவுகூர்ந்தார்.

இவ்வுதவிக்கு நோட்டர் டேம் செய்த கைம்மாறு யாது? கடற்படைக் கல்லூரி விரும்பும்வரை ஆண்டுதோறும் அதனுடன் ஆடுவதென்று அது உறுதிகொண்டது. 1927 இல் தொடங்கிய இவ்விரு அணிகளின் ஆட்டம், 2019 வரை 93 ஆண்டுகள் ஒருமுறையேனும் தடைப்படவில்லை. 2020 இல் டப்ளினில் நடக்கவிருந்த ஆட்டம் மட்டும் பெருந்தொற்றால் நின்றுபோயிற்று.

உறுதி சொல்வது எளிது, காப்பது அரிது. கல்லூரிக் கால்பந்து இன்று பெரும் பணம் புழங்கும் களம். தொலைக்காட்சி நிறுவனங்கள் கோடி கோடியாய்க் கொட்டுகின்றன. 2021 முதல் வீரர்கள் தம் பெயரையும் படத்தையும் கொண்டு பொருளீட்டவும் இடமுண்டு. வலிமையும் விளம்பரமும் மிக்க வேறோர் அணியோடு ஆடினால் ஆதாயம் கூடும் என்று கணக்குப் போடுவோர் எங்கும் இருப்பர். ஆயினும் அந்தப் பழைய உறுதி கைவிடப்படவில்லை.

தோற்றவரின் பெருமை

கொடுத்தவரைப் பற்றியும் சொல்லவேண்டும். கடற்படைக் கல்லூரி மாணவர், படிப்பு முடிந்தபின் குறைந்தது ஐந்தாண்டுகள் நாட்டுக்குப் பணியாற்றக் கடமைப்பட்டவர். உடற்கட்டிலும் எடையிலும் படைக்குரிய வரம்புகள் அவர்களுக்கு உண்டு. பெருங்கல்லூரிகளின் மலைபோன்ற வீரர்களுக்கு எதிரே அவர்கள் சிறியவராகவே நிற்பர். 1964 முதல் 2006 வரை, ஒன்றல்ல இரண்டல்ல, 43 ஆட்டங்களில் தொடர்ந்து அவர்கள் நோட்டர் டேமிடம் தோற்றனர். அதற்காக ஓராண்டேனும் களத்திற்கு வர மறுக்கவில்லை. 44ஆம் ஆண்டாகிய 2007 இல், மூன்றுமுறை ஆட்டநேரம் நீட்டிக்கப்பட்டபின், 46–44 என்ற கணக்கில் அவர்கள் வென்றனர்.

ஆட்டம் முடிந்தபின் நடப்பதே எல்லாவற்றிலும் அழகு. வென்றவரும் தோற்றவரும் ஒருங்கே நின்று, ஒரு கல்லூரியின் பாடலையும் பின்னர் மற்றதன் பாடலையும் மரியாதையுடன் கேட்கின்றனர். சற்றுமுன் ஒருவரையொருவர் தரையில் வீழ்த்தியவர்கள், தலைக்கவசத்தைக் கழற்றிக் கையிலேந்தி அமைதியாய் நிற்கின்றனர்.

பொது இடம் எது?

டப்ளின் இரு அணிக்கும் பொதுவான இடம் என்கின்றனர். 2023 இல் ஆட்டத்தை முறைப்படி ஏற்று நடத்தியது கடற்படைக் கல்லூரியே. எனினும் ஐரிஷார் என்ற பெயர் தாங்கிய அணிக்கு அயர்லாந்து அந்நிய மண்ணாகுமா? அமெரிக்காவில் தம்மை ஐரிஷ் வழிவந்தோர் என்று சொல்லிக்கொள்வோர் 3 கோடிக்கும் மேற்பட்டவர். பசியோடு கப்பலேறியவரின் கொள்ளுப்பேரர், பை நிறைய டாலருடன் அதே கரைக்குத் திரும்பிவருகின்றனர். 1996 இலும் இவ்விரு அணிகளும் டப்ளினில் ஆடின. அது குரோக் பார்க் திடல். 1920 நவம்பர் 21 அன்று ஆட்டம் காண வந்த மக்கள்மீது பிரிட்டிஷ் படையினர் சுட்டு, பதினான்கு பேர் உயிர் துறக்கக் காரணமான இடம். அத்தகைய மண்ணில் இவர்கள் ஓடியாடியது வெறும் வேடிக்கை அன்று என்றே நாம் எண்ணுகிறோம்.

இந்த விழாவில் வாணிபம் இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். ஒரு விமான நிறுவனத்தின் பெயரையே ஆட்டத்திற்குச் சூட்டியிருக்கின்றனர். விடுதிகளும் கடைகளும் நிறைகின்றன. பல பத்தாண்டுகள் கடந்த நன்றியும் இன்றைய வியாபாரமும் ஒரே திடலில் தோளோடு தோள் நிற்கின்றன. களையும் பயிரும் ஒரே வயலில் வளர்வதை ஆண்டவரே நமக்குச் சொல்லியிருக்கிறார் அல்லவா? களையைக் கண்டு பயிரை மறப்பது பேதைமை.

குணம் பெற்ற தொழுநோயாளர் பதின்மரில் ஒருவனே திரும்பிவந்து நன்றி சொன்னான். மற்ற ஒன்பதின்மரும் கெட்டவர் அல்லர்; அவர்களுக்கு வேறு வேலை இருந்தது, அவ்வளவே. நம் குடும்பங்களிலும் அப்படித்தான் நேர்கிறது. பிள்ளையின் படிப்புக்குக் கைமாற்றுக் கொடுத்த அண்டை வீட்டாரையும், பஞ்ச காலத்தில் படியளந்த உறவினரையும், வேலைக்குச் சிபாரிசு செய்த பங்குக் குருவையும் நாம் வேண்டுமென்றே மறப்பதில்லை. நமக்கு வேறு வேலை வந்துவிடுகிறது.

நன்றி என்பது ஒருநாள் வாய்ச்சொல் அன்று. ஆண்டுதோறும் தேதி குறித்துச் செலுத்தும் கடன் என்பதை ஒரு பல்கலைக்கழகம் தன் ஆட்ட அட்டவணையிலேயே எழுதி வைத்திருக்கிறது. நம் வீட்டு நாட்காட்டியில் அத்தகைய தேதி ஒன்றேனும் உண்டா? இல்லையெனில், இவ்வாண்டு பங்குத் திருவிழாவின்போதாவது, நமக்கு ஒருகாலத்தில் கைகொடுத்த வீட்டின் கதவைக் குடும்பத்தோடு சென்று தட்டுவோம்.